நினைவு அறக்கொடை ஓட்டம் (இலண்டன் மாரத்தான்)

நினைவு அறக்கொடை ஓட்டம் என்பது, இறந்துபோன தாய், தந்தை அல்லது நெருங்கிய உறவினர் ஒருவரின் நினைவாக நெடுந்தொலைவு ஓட்டமொன்றை மேற்கொண்டு, அதன் வழியாக ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டும் வழக்கம் ஆகும். நடைப்பயணம், மிதிவண்டிப் பயணம், நீச்சல், மலையேற்றம் ஆகியவற்றின் மூலமும் இவ்வாறு நிதி திரட்டப்படுவதுண்டு. ஐக்கிய இராச்சியத்தில் இவ்வழக்கம் பரவலாக உள்ளது. ஆண்டுதோறும் நடைபெறும் இலண்டன் மாரத்தான் ஓட்டம் இதற்கு முதன்மையான களமாக விளங்குகின்றது. இக்கட்டுரை, அவ்வோட்டத்தில் தாய் அல்லது தந்தையின் நினைவாக ஓடுவோரைப் பற்றியும் அவர்கள் நிதி திரட்டும் முறையைப் பற்றியும் விளக்குகின்றது.

இவ்வாறு ஓடுவோரில் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்கள் அல்லர். பலருக்கு அதுவே முதல் மாரத்தான் ஆகும். பெற்றோரின் உயிரைப் பறித்த நோயை ஆராயும் நிறுவனம், இறுதி நாள்களில் அவரைப் பேணிய பராமரிப்பு இல்லம், உயிருடன் இருந்தபோது அவர் ஈடுபாடு காட்டிய அமைப்பு ஆகியவற்றுள் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். பரிசுக்கோ நேரக் கணக்குக்கோ இவ்வோட்டத்தில் முதன்மை இல்லை. 42.195 கிலோமீட்டர் தொலைவை முடிப்பதும், கொடையாளர்களுக்கு அளித்த வாக்கைக் காப்பதுமே நோக்கமாகும்.

வரலாறு

முன்னோடிகள்

பெற்றோரின் இறப்பைப் பொதுநலப் பணியாக மாற்றும் வழக்கம் நெடுந்தொலைவு ஓட்டங்களைவிடப் பழமையானது. இங்கிலாந்தின் பெரிய புற்றுநோய்த் தொண்டு நிறுவனங்களுள் ஒன்றான மாக்மில்லன் புற்றுநோய் ஆதரவு அமைப்பு இதற்குச் சான்றாகும். டக்ளஸ் மாக்மில்லன் என்பவர் தம் தந்தை புற்றுநோயால் துன்புற்று இறப்பதைக் கண்டார். அவ்வனுபவத்தின் விளைவாக, தந்தை தமக்கு அளித்த 10 பவுண்டுகளைக் கொண்டு 1911 ஆம் ஆண்டில் இவ்வமைப்பைத் தோற்றுவித்தார். நோயாளிகளுக்கும் அவர்களின் குடும்பத்தினருக்கும் அறிவுரையும் உதவியும் கிடைக்கவேண்டும் என்பது அவரது நோக்கமாக இருந்தது. நூறாண்டுகளுக்குப் பின்னர், அதே அமைப்பின் சட்டையை அணிந்துகொண்டு, புற்றுநோயால் பெற்றோரை இழந்த பலர் இலண்டன் மாரத்தானில் ஓடுகின்றனர்.

இலண்டன் மாரத்தானின் தொடக்கம்

மாரத்தான் ஓட்டத்தின் இன்றைய தொலைவு இலண்டன் நகருடன் தொடர்புடையது. 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கு விளையாட்டுகளில் வின்சர் கோட்டையிலிருந்து விளையாட்டரங்கில் இருந்த அரச குடும்பத்தினரின் இருக்கை வரை ஓடப்பட்ட தொலைவே 1921 இல் அதிகாரப்பூர்வ அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஒலிம்பிக்கு வாகையரான கிறிசு பிராசர், ஜான் டிசிலி ஆகிய இருவரும் 1979 இல் நியூயார்க் மாரத்தானில் ஓடினர். எல்லாத் தரப்பு மக்களும் ஒன்றாக ஓடியதும், வழிநெடுக நின்ற மக்கள் அவர்களை ஊக்குவித்ததும் இருவரையும் கவர்ந்தன. இலண்டனிலும் இத்தகைய ஓட்டம் நடத்தவேண்டும் என அவர்கள் முயன்றனர். முதல் இலண்டன் மாரத்தான் 1981 மார்ச் 29 அன்று நடைபெற்றது. அதில் 6,255 பேர் ஓட்டத்தை நிறைவு செய்தனர். அமெரிக்காவின் டிக் பியர்ட்சிலியும் நார்வேயின் இங்கே சைமன்செனும் கைகோத்தபடி ஒரே நேரத்தில் எல்லைக் கோட்டைக் கடந்தனர். பெண்கள் பிரிவில் இங்கிலாந்தின் ஜாய்சு சிமித் முதலிடம் பெற்றார்.

தொண்டு நிறுவனங்களின் வருகை

தொடக்கத்தில் இவ்வோட்டத்தின் உபரி வருவாய் இலண்டன் மக்களுக்கான விளையாட்டு வசதிகளுக்குச் செலவிடப்பட்டது. இதற்கென 1981 இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. இது ஓட்டத்தை நடத்துவதால் கிடைக்கும் வருவாய் ஆகும். ஓடுபவர்கள் தனித்தனியாகத் திரட்டும் நிதி இதிலிருந்து வேறானது. அந்நிதி அவரவர் தேர்ந்தெடுத்த தொண்டு நிறுவனத்துக்கு நேரே சென்று சேர்கின்றது.

1990களில் 'கோல்டன் பாண்ட்' எனப்படும் திட்டம் அறிமுகமானது. இதன்படி ஒரு தொண்டு நிறுவனம் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இடங்களை முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பின்னர் தனக்காக நிதி திரட்ட முன்வருவோருக்கு அவ்விடங்களை வழங்கலாம். இத்திட்டத்துக்குப் பின்னர் அறக்கொடை ஓட்டம் பெருமளவில் வளர்ந்தது. 2019 ஆம் ஆண்டளவில், 1981 முதல் ஓடுபவர்கள் திரட்டிய மொத்தத் தொகை 100 கோடி பவுண்டுகளைத் தாண்டியது. 2024 ஆம் ஆண்டு ஓட்டத்தில் 7.35 கோடி பவுண்டுகளும், 56,640 பேர் நிறைவு செய்த 2025 ஆம் ஆண்டு ஓட்டத்தில் 8.73 கோடி பவுண்டுகளும் திரட்டப்பட்டன. ஆண்டுதோறும் ஒரே நாளில் நடைபெறும் நிதி திரட்டல் நிகழ்வுகளுள் உலகிலேயே மிகப் பெரியதாக இது கருதப்படுகின்றது.

இடம் பெறும் முறை

இலண்டன் மாரத்தானில் ஓட விரும்பும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. பொதுமக்களுக்கான இடங்கள் குலுக்கல் முறையில் வழங்கப்படுகின்றன. 2026 ஆம் ஆண்டு ஓட்டத்துக்கான குலுக்கலுக்கு 11 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஆகவே குலுக்கலில் தேர்வு பெறுவது மிக அரிது. பெற்றோரின் நினைவாகக் குறிப்பிட்ட ஓர் ஆண்டில் ஓட விரும்புவோர் பெரும்பாலும் தொண்டு நிறுவனத்தின் வழியாகவே இடம் பெறுகின்றனர்.

தொண்டு நிறுவனத்திடம் விண்ணப்பிப்பவர், தாம் ஏன் அந்நிறுவனத்துக்காக ஓட விரும்புகிறார் என்பதையும் எவ்வளவு தொகையைத் திரட்ட இயலும் என்பதையும் எழுதித் தரவேண்டும். இடம் கிடைத்தால் குறைந்தபட்சத் தொகை ஒன்றைத் திரட்டித் தருவதாக அவர் உறுதியளிக்கவேண்டும். 2020களில் பல நிறுவனங்கள் சுமார் 2,000 பவுண்டுகளைக் குறைந்தபட்சத் தொகையாகக் கோரின. குலுக்கலில் இடம் பெற்றவரும் தாம் விரும்பும் நிறுவனத்துக்காக ஓடலாம். அவருக்குக் குறைந்தபட்சத் தொகை விதிக்கப்படுவதில்லை. பங்கேற்பாளர் 18 அகவை நிறைந்தவராக இருக்கவேண்டும்.

நிதி திரட்டும் முறை

ஆதரவுப் படிவம்

இணையம் பரவுவதற்கு முன்னர், ஓடுபவர் ஒரு காகிதப் படிவத்துடன் உறவினர், அண்டை வீட்டார், உடன் பணிபுரிவோர் ஆகியோரிடம் சென்று ஆதரவு கேட்பார். கொடையாளர் தம் பெயரையும், ஒரு மைலுக்கு இவ்வளவு என்றோ மொத்தமாக இவ்வளவு என்றோ தாம் தரவிருக்கும் தொகையையும் அதில் எழுதுவார். ஓட்டம் முடிந்த பின்னரே தொகை வசூலிக்கப்படும். ஓடுபவர் பாதி வழியில் நின்றுவிட்டால், மைல் கணக்கில் வாக்களித்த தொகையும் குறையக்கூடும்.

இணையவழிக் கொடை

2001 இல் தொடங்கப்பட்ட ஜஸ்ட்கிவிங் போன்ற இணையத்தளங்கள் இம்முறையை மாற்றின. ஓடுபவர் தமக்கென ஒரு பக்கத்தை உருவாக்கி, இறந்தவரின் ஒளிப்படத்தையும் அவரைப் பற்றிய சில வரிகளையும் அதில் இடுகிறார். கொடையாளர் ஓட்டத்துக்கு முன்னரே பணம் செலுத்திவிடுகிறார். அத்தொகை தொண்டு நிறுவனத்தைச் சென்றடைகின்றது. ஓட்டம் நிறைவுறுவது இதற்கு நிபந்தனை அன்று.

இம்மாற்றத்தின் விளைவு குறிப்பிடத்தக்கது. படிவ முறையில் எல்லைக் கோட்டை அடைவதைப் பொறுத்தே பணம் வந்தது. இணைய முறையில், ஓடுபவர் தொடக்கக் கோட்டில் நிற்கும்போதே பணத்தின் பெரும்பகுதி வந்து சேர்ந்திருக்கும். ஆகவே, ஓட்டத்தை இடையில் நிறுத்த நேர்ந்தாலும் தொண்டு நிறுவனத்துக்கு அளிக்கப்பட்ட கொடை இழக்கப்படுவதில்லை.

கொடையாளர் ஐக்கிய இராச்சியத்தில் வருமான வரி செலுத்துபவராயின், 'கிஃப்ட் எயிட்' திட்டத்தின்படி ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்சை அரசிடமிருந்து தொண்டு நிறுவனம் கூடுதலாகப் பெறலாம். 1990 இல் தொடங்கிய இத்திட்டம், 2000 ஆம் ஆண்டில் சிறிய கொடைகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

கொடையாளர்களின் நடத்தை

2010 ஆம் ஆண்டு இலண்டன் மாரத்தானில் ஓடியோரின் இணையப் பக்கங்களைப் பொருளியலாளர்களான சாரா சிமித், பிராங்கு வின்மைசர், எட்மண்ட் ரைட் ஆகியோர் ஆராய்ந்தனர். ஒருவரின் பக்கத்தில் முன்னர் வந்த கொடைகளின் சராசரி 10 பவுண்டு உயர்ந்தால், அடுத்து வரும் கொடை சராசரியாக 2.50 பவுண்டு உயர்வதை அவர்கள் கண்டறிந்தனர். கொடையாளர் பிறர் கொடுத்த தொகையைப் பார்த்தே தம் தொகையை முடிவு செய்கின்றனர் என்பது இதனால் தெரிகின்றது. பக்கத்தின் தொடக்கத்திலேயே பெரிய கொடை ஒன்றை அளிக்குமாறு நெருங்கிய உறவினரைக் கேட்டுக்கொள்ளும் வழக்கத்தின் பயனும் இதனால் விளங்கும்.

துன்பம் நிறைந்த வழியில் நிதி திரட்டப்படும்போது மக்கள் கூடுதலாகக் கொடுப்பது ஏன் என்பதை கிறிசுத்தோபர் ஒலிவோலா, எல்டார் சாஃபிர் ஆகிய ஆய்வாளர்கள் 2013 இல் வெளியான ஆய்வில் விளக்கினர். இதனை அவர்கள் 'தியாகி விளைவு' என்னும் பொருள்படும் பெயரால் குறித்தனர். எளிய, இன்பமான நிகழ்வைவிட வலியும் உழைப்பும் வேண்டிய நிகழ்வு கொடைக்குக் கூடுதல் பொருள் தருகின்றது என்பது அவர்களின் கருத்து. மனிதத் துயரைப் போக்கும் நோக்கங்களுக்கு இவ்விளைவு வலுவாக இருப்பதாகவும் அவர்கள் கண்டனர்.

பயிற்சி

இலண்டன் மாரத்தான் வழக்கமாக ஏப்ரல் மாதத்தில் நடைபெறுவதால், பயிற்சி குளிர்காலத்தில் அமைகின்றது. புதியவர்களுக்கான பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் 16 வாரங்களைக் கொண்டவை. டிசம்பர் இறுதியில் அல்லது சனவரித் தொடக்கத்தில் பயிற்சி தொடங்கும். வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு நாள்கள் ஓடுவதும், அவற்றுள் ஒருநாள் நீண்ட தொலைவு ஓடுவதும் பொதுவான முறையாகும். நீண்ட ஓட்டத்தின் தொலைவு படிப்படியாக உயர்ந்து, மார்ச் இறுதியில் 30 முதல் 32 கிலோமீட்டர் வரை எட்டும். இறுதி இரண்டு அல்லது மூன்று வாரங்களில் உடல் ஓய்வு பெறும்பொருட்டுப் பயிற்சி குறைக்கப்படும்.

பணிக்குச் செல்வோர் இருள் சூழ்ந்த காலையிலோ மாலையிலோ ஓடவேண்டியுள்ளது. குளிரிலும் மழையிலும் மாதக்கணக்கில் தனியே ஓடும் இந்நேரமே, இறந்தவரை எண்ணியிருக்கக் கிடைத்த நேரமாகப் பலருக்கு அமைகின்றது. ஓட்ட நாள் ஒன்றே. பயிற்சியோ நான்கு மாதங்கள் நீள்வது.

ஓட்டப் பாதை

தென்கிழக்கு இலண்டனில் பிளாக்கீத், கிரீனிச்சுப் பூங்கா ஆகிய இடங்களை ஒட்டி ஓட்டம் தொடங்குகின்றது. வெவ்வேறு தொடக்க இடங்களிலிருந்து புறப்படுவோர் முதல் சில கிலோமீட்டர்களுக்குள் ஒன்றாக இணைகின்றனர். பாதையின் முதன்மையான இடங்கள் வருமாறு:

- கட்டி சார்க்: சுமார் 10 ஆவது கிலோமீட்டரில் கிரீனிச்சிலுள்ள பழைய பாய்க்கப்பலைச் சுற்றிப் பாதை செல்கின்றது.
- கோபுரப் பாலம்: சுமார் 20 ஆவது கிலோமீட்டரில் தேம்சு ஆற்றைக் கடக்கும் இடம். பாதித் தொலைவு இதனையடுத்து வருகின்றது.
- கேனரி வார்ஃப்: சுமார் 30 ஆவது கிலோமீட்டரில் உயர்ந்த கட்டடங்கள் நிறைந்த வணிகப் பகுதி.
- எம்பாங்மெண்ட்: இறுதிக் கட்டத்தில் தேம்சு ஆற்றங்கரையை ஒட்டிச் செல்லும் சாலை.
- தி மால்: பக்கிங்காம் அரண்மனைக்கு முன்னுள்ள சாலை. 1994 முதல் ஓட்டம் இங்கு நிறைவடைகின்றது.

சுமார் 30 ஆவது கிலோமீட்டரை அடுத்து, உடலில் சேமித்து வைக்கப்பட்டிருந்த கிளைக்கோசன் பெருமளவு தீர்ந்துபோவதால் கடுமையான சோர்வு ஏற்படுகின்றது. ஓட்டக்காரர்கள் இதனைச் 'சுவர்' என அழைக்கின்றனர். தொண்டு நிறுவனங்கள் பாதையோரங்களில் தம் தன்னார்வலர்களை நிறுத்தி, தம் நிறச் சட்டை அணிந்து வருவோரைப் பெயர் சொல்லி ஊக்குவிக்கின்றன. இதற்காகவே பலர் தம் பெயரைச் சட்டையின் முன்புறத்தில் பெரிய எழுத்துகளில் பொறித்துக்கொள்கின்றனர்.

நினைவுகூரும் முறைகள்

சட்டையின் பின்புறத்தில் இறந்தவரின் ஒளிப்படத்தையோ பெயரையோ பொறித்துக்கொள்வது பரவலான வழக்கம். 'அம்மாவுக்காக', 'அப்பாவுக்காக' என்னும் பொருள்படும் சொற்கள் பெருமளவில் காணப்படும். பின்னால் ஓடி வருவோர் இவற்றைப் படித்துக்கொண்டே வருகின்றனர். முன்பின் அறியாத இருவர், ஒரே நோயால் பெற்றோரை இழந்தவர்கள் என்பதைச் சட்டையைக் கண்டு அறிந்து, சிறிது தொலைவு சேர்ந்து ஓடுவதும் உண்டு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும்பொருட்டு 1994 இல் இலண்டனின் பாட்டர்சி பூங்காவில் தொடங்கிய 'ரேசு ஃபார் லைஃப்' ஓட்டங்களிலும், யாருக்காக ஓடுகிறோம் என்பதை எழுதி முதுகில் அணியும் வழக்கம் நிலவுகின்றது.

சிலர் பெற்றோரின் கைக்கடிகாரம், மோதிரம் போன்றவற்றை அணிந்து ஓடுகின்றனர். சிலர் பெற்றோரின் பிறந்தநாள் அல்லது நினைவு நாள் வரும் ஆண்டைத் தேர்ந்தெடுக்கின்றனர். நோயின் தன்மையை உணர்த்தும் வகையில் சுமையுடன் ஓடுவோரும் உள்ளனர். மூளைத் தேய்வு நோயால் தாயை இழந்த ஒருவர் 2025 இல் குளிர்பதனப் பெட்டி ஒன்றை முதுகில் சுமந்தபடி ஓடினார். நினைவிழப்பு நோய் குடும்பத்தின்மீது ஏற்றும் பாரத்தின் குறியீடாக அப்பெட்டி அமைந்தது.

உளவியல் விளக்கங்கள்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், இறந்தவரிடமிருந்து மனத்தை விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் முடிவு என்னும் கருத்து மேலைநாட்டு உளவியலில் செல்வாக்குடன் இருந்தது. டென்னிசு கிளாசு, பிலிசு சில்வர்மன், சிடீவன் நிக்மன் ஆகியோர் தொகுத்து 1996 இல் வெளியான நூல் இதற்கு மாற்றான கருத்தை முன்வைத்தது. இறந்தவருடனான பிணைப்பு அறுந்துபோவதில்லை என்றும், அது வேறு வடிவில் தொடர்வது இயல்பானதே என்றும் அவர்கள் கூறினர். 'தொடரும் பிணைப்புகள்' என இக்கருத்து அறியப்படுகின்றது. நினைவு ஓட்டம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். இறந்தவருக்காகச் செய்வதற்கு இனி எதுவும் இல்லை என்னும் நிலையில், அவர் பெயரால் செய்யத்தக்க ஒரு செயலை ஓட்டம் அளிக்கின்றது.

மார்கரெட் சிட்ரோபெ, எங்க் சூட் ஆகியோர் 1999 இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, துக்கத்தில் இருப்பவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வைச் சீரமைப்பதை நோக்கியும் மாறிமாறிச் செல்கிறார். பயிற்சிக் காலம் இவ்விரண்டையும் உள்ளடக்கியதாக அமைகின்றது. உணவு, உறக்கம், கால அட்டவணை ஆகியவற்றில் ஒழுங்கு ஏற்படுகின்றது. அதே வேளையில் ஓட்டத்தின் காரணம் இழப்பை நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றது.

எனினும் ஓட்டம் துக்கத்துக்கான மருத்துவம் அன்று. பல மாதங்கள் ஒரு நாளை நோக்கியே வாழ்ந்தவருக்கு, அந்நாள் கடந்த பின்னர் வெறுமை தோன்றக்கூடும். துக்கத்தால் அன்றாட வாழ்வு பாதிக்கப்படுவோருக்கு, 1959 முதல் இயங்கிவரும் குரூசு போன்ற அமைப்புகள் ஐக்கிய இராச்சியத்தில் ஆலோசனை வழங்குகின்றன.

மருத்துவ இடர்கள்

மாரத்தான் ஓட்டத்தில் இறப்பு அரிதாகவே நேர்கின்றது. தொடக்கம் முதல் நீண்ட காலம் இவ்வோட்டத்தின் மருத்துவ இயக்குநராக இருந்த இதயநோய் மருத்துவர் டான் டன்சுடால் பீடோ, ஓட்டத்தை நிறைவு செய்வோரில் சுமார் 80,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இதயம் தொடர்பான இறப்பு நேர்வதாகக் கணக்கிட்டார். மாரடைப்பால் தந்தையை அல்லது தாயை இழந்தோருக்கு இது தனிப் பொருள் உடையது. சில இதய நோய்கள் மரபுவழி வருவன. ஆகவே குடும்பத்தில் இளவயதில் இதயநோயால் இறந்தவர் இருப்பின், பயிற்சிக்கு முன் மருத்துவரைக் கலந்தாலோசிப்பது இன்றியமையாதது.

அளவுக்கு மீறி நீர் அருந்துவதும் ஆபத்தானது. இரத்தத்தில் சோடியத்தின் அளவு குறைந்து உயிருக்குத் தீங்கு நேரலாம். 2007 ஆம் ஆண்டு ஓட்டத்தில் 22 அகவை இளைஞர் ஒருவர் இவ்வாறு இறந்தார். பாதை நெடுகிலும் செயின்ட் ஜான் ஆம்புலன்சு அமைப்பின் தன்னார்வலர்கள் முதலுதவிக்காக நிறுத்தப்படுகின்றனர்.

இறந்தோருக்காகப் பிறர் தொடர்ந்த ஓட்டம்

2012 ஆம் ஆண்டு ஓட்டத்தில், சமாரித்தன்சு அமைப்புக்காக ஓடிய 30 அகவைப் பெண் ஒருவர் எல்லைக் கோட்டுக்கு அண்மையில் மயங்கி விழுந்து இறந்தார். அவருடைய தாய் அவ்வமைப்பில் நீண்ட காலம் தன்னார்வலராகப் பணியாற்றியவர். செய்தி பரவியதும் அப்பெண்ணின் இணையப் பக்கத்துக்கு மக்கள் கொடைகளை அனுப்பினர். அத்தொகை 10 இலட்சம் பவுண்டுகளைத் தாண்டியது.

2018 ஏப்ரல் 22 அன்று நடைபெற்ற ஓட்டம், அதுவரை நடந்த இலண்டன் மாரத்தான்களிலேயே மிக வெப்பமானது. வெப்பநிலை 24 பாகை செல்சியசைத் தாண்டியது. அன்று, தொலைக்காட்சிச் சமையல் போட்டி ஒன்றில் பங்கேற்றவரான 29 அகவைச் சமையற்கலைஞர் ஒருவர் 36 ஆவது கிலோமீட்டர் அளவில் விழுந்து உயிரிழந்தார். அவர் தம் தந்தையின் நினைவாக, இளைஞர் நலனுக்கான பிராத்தே அறக்கட்டளைக்கு நிதி திரட்டி ஓடியவர். அவர் ஓடாமல் விட்ட தொலைவு 3.7 மைல், அதாவது சுமார் 6 கிலோமீட்டர். அதனை அவருக்காக ஓடி முடிக்குமாறு சக ஓட்டக்காரர்கள் விடுத்த அழைப்பை ஏற்று, பலர் தத்தம் ஊர்களில் அத்தொலைவை ஓடினர். 3 இலட்சம் பவுண்டுகளுக்கும் மேல் அறக்கட்டளைக்குச் சேர்ந்தது. தந்தைக்காக மகன் தொடங்கிய நினைவு ஓட்டம், அம்மகனுக்கான நினைவு ஓட்டமாக முடிந்தது.

ஓட்டத்தைக் கைவிடுதல்

நினைவு ஓட்டத்தில் ஈடுபடுவோர் ஓட்டத்தை இடையில் நிறுத்தத் தயங்குவதுண்டு. காயம், காய்ச்சல், கடும் வெப்பம் ஆகியவற்றைப் பொருட்படுத்தாமல் ஓடுவது, இறந்தவருக்குச் செய்யும் கடமையாக அவர்களுக்குத் தோன்றலாம். மருத்துவர்களின் அறிவுரை இதற்கு மாறானது. ஓட்டத்துக்கு முன் காய்ச்சலோ நெஞ்சுத் தொற்றோ இருப்பின் ஓடக்கூடாது. ஓட்டத்தின்போது நெஞ்சுவலி, தலைசுற்றல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் உடனே நின்று முதலுதவியை நாடவேண்டும்.

முன்னர் கூறியவாறு, இணையவழி அளிக்கப்பட்ட கொடை ஓட்டம் நின்றாலும் தொண்டு நிறுவனத்திடமே இருக்கும். ஓடுபவர் எவ்வளவு தொலைவு ஓடினார் என்பதைக் கொண்டு அது குறைவதில்லை. குலுக்கலில் இடம் பெற்றவர் உடல்நலக் குறைவால் ஓட இயலாவிடின் விதிகளுக்கு உட்பட்டு அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க இயலும். தொண்டு நிறுவனத்தின் இடம் அந்நிறுவனத்துக்கு உரியதாதலால், அதனை ஒத்திவைப்பது நிறுவனத்தின் முடிவைப் பொறுத்தது.

பெருந்தொற்றுக் காலம்

கொரோனா பெருந்தொற்றால் 2020 ஏப்ரல் மாத ஓட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஓட்டம் நடைபெறவிருந்த ஏப்ரல் 26 அன்று, 2.6 அல்லது 26 என்னும் எண்ணுடன் தொடர்புடைய ஏதேனும் ஒரு செயலை வீட்டிலிருந்தே செய்து நிதி திரட்டுமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். இதன் மூலம் 1 கோடி பவுண்டுகளுக்கு மேல் தொண்டு நிறுவனங்களுக்குக் கிடைத்தது. 2020 அக்டோபர் 4 அன்று முன்னணி வீரர்கள் மட்டும் செயின்ட் ஜேம்சு பூங்காவைச் சுற்றி ஓடினர். ஏனையோர் தத்தம் ஊர்களிலேயே மாரத்தான் தொலைவை ஓடினர். 2021, 2022 ஆகிய ஆண்டுகளிலும் அக்டோபர் மாதத்தில் நடைபெற்ற ஓட்டம், 2023 இல் மீண்டும் ஏப்ரலுக்குத் திரும்பியது.

விமர்சனங்கள்

- நிதி திரட்டும் ஆற்றல் எல்லோருக்கும் சமமாக இருப்பதில்லை. வசதி படைத்த உறவினரும் நண்பரும் உடையவர் குறைந்தபட்சத் தொகையை எளிதில் எட்டுகிறார். பிறருக்கு அது சுமையாகின்றது. பற்றாக்குறையைத் தம் பணத்தால் ஈடுசெய்ய நேர்வதும் உண்டு.
- பரவலாக அறியப்பட்ட நோய்களுக்கான பெரிய நிறுவனங்களுக்கு மிகுதியான ஓட்டக்காரர்கள் கிடைக்கின்றனர். அரிய நோய்களுக்கான சிறு அமைப்புகளுக்கு ஓரிரு இடங்களே கிடைக்கின்றன. அதே வேளையில், அத்தகைய சிறு அமைப்புக்கு ஓர் ஓட்டக்காரர் திரட்டும் தொகை ஆண்டு வருவாயில் கணிசமான பங்காக அமையக்கூடும்.
- துக்கத்தைப் பொதுவெளியில் எழுதி நிதி கோருவது சிலருக்கு ஒவ்வாததாக உள்ளது. மௌனமாக நினைவுகூர விரும்புவோருக்கு இம்முறை பொருந்துவதில்லை.
- ஓடாமலேயே நேரடியாகப் பணம் கொடுக்கலாமே என்னும் கேள்வியும் எழுப்பப்படுகின்றது. ஒருவர் தனியே கொடுக்கக்கூடிய தொகையைவிட, அவர் ஓடுவதால் பலர் சேர்ந்து கொடுக்கும் தொகை பன்மடங்காக இருக்கக்கூடும் என்பது இதற்குக் கூறப்படும் மறுமொழியாகும்.

பயன்பாடு

திரட்டப்படும் நிதி, ஓடுபவரின் பெற்றோருக்குப் பயன்படுவதில்லை. அது பிறருடைய பெற்றோருக்கே பயன்படுகின்றது. புற்றுநோயாளிகளுக்கான செவிலியர், இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்கள், தொலைபேசி உதவிச் சேவைகள், மருத்துவ ஆராய்ச்சி ஆகியவற்றின் செலவில் ஒரு பகுதி இவ்வகையில் ஈடுசெய்யப்படுகின்றது. இங்கிலாந்தில் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்கள் அரசின் நிதியை மட்டும் நம்பி இயங்குவதில்லை. அவற்றின் வருவாயில் பெரும்பகுதி பொதுமக்களின் கொடையாலேயே கிடைக்கின்றது. ஒருவரின் தாய் இறுதி நாள்களில் பெற்ற பராமரிப்பும், முன்னர் யாரோ ஒருவர் தம் பெற்றோரின் நினைவாகத் திரட்டிய நிதியால் கிடைத்ததாக இருக்கலாம்.

இவற்றையும் பார்க்க

- மாரத்தான்
- இலண்டன் மாரத்தான்
- 1908 கோடைக்கால ஒலிம்பிக்கு
- டெரி பாக்சு
- நோய்த்தணிப்புப் பேணல்
- துக்கம்